ஜபல் ரம் மணற்பாறை மலை: ஐந்து நாள் குறிப்புகள்

நாள் 1: அந்தி வெயிலில் கிழக்குச் சுவர்

ஜோர்டான் தலைநகர் அம்மானிலிருந்து பாலைவன நெடுஞ்சாலையில் தெற்கே வந்தால் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அகபா துறைமுகத்திலிருந்து கிளம்பினால் ஒரு மணி நேரம் போதும். ராஷிதியாவில் கிழக்கே திரும்பும் சாலை நேராகப் பார்வையாளர் மையத்துக்குக் கொண்டுபோய் விடும். நுழைவுக் கட்டணம் 5 தினார். ஜோர்டான் பாஸ் என்ற சுற்றுலா அனுமதிச்சீட்டு வைத்திருந்தால் அதிலேயே அடக்கம். அங்கிருந்து ரம் கிராமம் இன்னும் 7 கிலோமீட்டர்.

பெயர் பற்றி ஒரு வார்த்தை. இந்த மலை நிற்கும் பள்ளத்தாக்கைத் தமிழ் இணையத்தில் பெரும்பாலும் 'வாடி ரம்' என்று எழுதுகிறார்கள். அரபியில் அது 'வாதி', அதாவது எப்போதாவது வெள்ளம் ஓடும் பள்ளத்தாக்கு. 'ஜபல்' என்றால் மலை. இந்த இரண்டு சொல் தெரிந்தால் வரைபடத்தில் பாதி புரிந்துவிடும்.

பள்ளத்தாக்கு வடக்குத் தெற்காகக் கிடக்கிறது. மேற்கே ஜபல் ரம், 1,734 மீட்டர். கிழக்கே ஜபல் உம் இஷ்ரின், ஏறக்குறைய அதே உயரம். தரையே கடல் மட்டத்திலிருந்து 950 மீட்டர் அளவில் இருப்பதால் கண்ணுக்குத் தெரியும் சுவர் 800 மீட்டரை ஒட்டியது. 74,000 ஹெக்டேர் பரப்பை 2011இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. இயற்கை, பண்பாடு இரண்டுக்குமாகச் சேர்த்த இடங்கள் உலகில் குறைவு. இது அதில் ஒன்று.

மாலையில் வந்து சேர்ந்தால் ஜபல் ரம்மைப் பார்க்க முயல வேண்டாம். சூரியன் அதன் பின்னால் இறங்கும், சுவர் முழுக்க நிழலாகக் கிடக்கும். எதிர்ப்பக்கம் உம் இஷ்ரினைப் பாருங்கள், வெயில் நேராக அதன்மேல் விழும். சுவரை ஒட்டி நின்றால் உச்சி மறைந்துவிடும் என்பதால் ஒன்றிரண்டு கிலோமீட்டர் தள்ளி நில்லுங்கள். அடிவாரத்திலேயே நின்று படம் எடுத்துவிட்டு 'மேலே வெள்ளைப் பாறையே இல்லையே' என்று கேட்பவர்கள் எல்லோரும் செய்வது இந்தத் தவறைத்தான்.

கீழிருந்து படியுங்கள். அடியில் கறுத்த, உதிர்ந்த சரிவு: கிரானைட். அதற்கு மேல் படிக்கட்டு போல மெல்லிய அடுக்குகள், பழுப்பும் ஊதாவும் கலந்தவை: சாலிப் மணற்பாறை. அதன் மேல் ஒரே வீச்சில் எழும் செம்பழுப்புச் செங்குத்து, சுமார் 300 மீட்டர். எதிரே நிற்கும் மலையின் பெயரையே இந்தப் பாறைக்கும் வைத்துவிட்டார்கள்: உம் இஷ்ரின் மணற்பாறை. எல்லாவற்றுக்கும் மேலே, வேறு யாரோ கொண்டுவந்து கவிழ்த்து வைத்த வெள்ளைக் குண்டான்கள் மாதிரி வட்ட வட்ட மேடுகள்: தீசி மணற்பாறை. மணற்பாறை மூன்றும் கேம்பிரியன் காலம் தொடங்கி ஓர்டோவிசியன் தொடக்கம் வரை, 50 கோடி ஆண்டுகளுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படிந்தவை.

இது காற்றில் சேர்ந்த பழைய மணல்மேடு இறுகிக் கல்லானது என்று வழிகாட்டிகளில் பலர் சொல்வார்கள். தவறு. இந்த மணலில் பெரும்பங்கைக் கொண்டுவந்தது ஆறு. நிலத்தில் செடிகொடியே தோன்றாத காலம் அது. கரையைப் பிடித்து நிறுத்த வேர் இல்லை. ஆறு ஒரு தடத்தில் ஓடாமல் கிலோமீட்டர் கணக்கில் அகண்டு, பல கிளையாகப் பின்னிப் பிரிந்து, தெற்கேயிருந்த நிலத்தின் மணலை வடக்கேயிருந்த கடலை நோக்கித் தள்ளியது. செம்பழுப்புச் சுவரில் படுக்கைக் கோடுகளுக்கு நடுவே ஒரே பக்கம் சாய்ந்த மெல்லிய வரிகள் தெரியும். ஆற்றடி மணல் அலைகளின் முன்சரிவு அது. சாய்வு இறங்கும் திசைதான் நீர் ஓடிய திசை. திசைகாட்டியை வைத்துப் பத்து இடத்தில் பார்த்தால் பெரும்பாலும் வடக்குப் பக்கமாகவே வரும். ஓரிடத்தில் மட்டும் பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது. ஆறு வளைந்து திரும்பிய இடம் எல்லாவற்றையும் தலைகீழாகக் காட்டும்.

நாள் 2: சுனை இருக்கும் கோடு

காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். இப்போது வெயில் ஜபல் ரம்மின் கிழக்கு முகத்தில். கிராமத்தின் மேற்கு ஓரத்தில், மலையடியில், பழங்கால அரபு மக்களான நபத்தியர்கள் அல்லாத் என்ற பெண் தெய்வத்துக்குக் கட்டிய கோயிலின் இடிபாடு இருக்கிறது. அதை ஒட்டிச் சரிவில் ஏறும் தடம் ஐன் ஷல்லாலா சுனைக்குப் போகிறது. அரை மணி நேர ஏற்றம். தூரம் ஒன்றுமில்லை, ஆனால் உருண்டு கிடக்கும் கற்களின் மேல் நடை. கணுக்காலைப் பிடிக்கும் காலணி வேண்டும்.

ஏறும்போது காலடியில் கிடப்பதில் பாதிக்கு மேல் மேலிருந்து விழுந்த மணற்பாறைத் துண்டு, அதைப் பார்த்து ஏமாற வேண்டாம். நிலத்தோடு ஒட்டியிருக்கும் பாறையைத் தேடுங்கள். பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸ் ஒன்று போதும். இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார், கண்ணாடிச் சாம்பல் குவார்ட்ஸ், மினுங்கும் கறுப்பு மைக்கா மூன்றும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு, இடையில் துளியும் இடைவெளி இல்லாமல் இருந்தால் கிரானைட். வயது சுமார் 60 கோடி ஆண்டு. அதன் குறுக்கே கறுத்த பட்டைகள் சுவர் மாதிரி ஓடும். கிரானைட் வெடித்த இடத்தில் எரிகுழம்பு ஏறி உறைந்த டைக்குகள் அவை. ஒன்றைத் தேர்ந்துகொண்டு கண்ணாலேயே மேலே பின்தொடருங்கள். மணற்பாறை தொடங்கும் கோட்டில் அது கத்தியால் வெட்டிய மாதிரி நின்றுவிடும்.

அந்த வெட்டுதான் இந்த மலையின் முக்கியமான இடம். கிரானைட் பூமிக்குள் கிலோமீட்டர் கணக்கான ஆழத்தில் உறைவது. அது வெளியே வந்து தரையாகக் கிடந்தது என்றால், அதன் தலைமேல் இருந்த அத்தனை பாறையும் முதலில் கரைந்து போயிருக்க வேண்டும். கரைந்தது; டைக்குகளின் தலையும் சேர்ந்து சீவப்பட்டது; நிலம் ஏறக்குறைய மட்டமானது. அதற்குப் பிறகுதான் ஆறு வந்து முதல் மணலைக் கொட்டியது. கோட்டின் கீழே ஒரு விரல், மேலே ஒரு விரல் வைத்தால் நடுவில் காணாமல் போனது சில கோடி ஆண்டு.

கோட்டுக்கு உடனே மேலேயுள்ள சாலிப் பாறையை லென்ஸில் பாருங்கள். அதே இளஞ்சிவப்பு ஃபெல்ட்ஸ்பார் மணிகள், ஆனால் இப்போது தனித்தனியாக, முனை மழுங்காமல். சுண்டுவிரல் நகம் அளவுக்குக் குவார்ட்ஸ் கூழாங்கற்களும் இருக்கும். ஃபெல்ட்ஸ்பார் நீரில் நெடுந்தூரம் தாங்காது, களிமண்ணாகச் சிதைந்துவிடும். அது பிழைத்திருக்கிறது என்றால் மணல் பக்கத்திலிருந்தே வந்தது என்று பொருள். மேலே போகப் போக ஃபெல்ட்ஸ்பார் குறைந்து, உச்சியிலுள்ள தீசி பாறையில் கிட்டத்தட்ட குவார்ட்ஸ் மட்டுமே மிஞ்சும்.

சுனைக்கு வருவோம். பாறைக்குள் இறங்கும் மழை மணிகளுக்கு நடுவேயுள்ள இடைவெளியிலும் வெடிப்பிலும் கசிந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கிரானைட்டைத் தொட்டதும் அதற்குப் போக வழியில்லை, பக்கவாட்டில் நகர்ந்து மலைமுகத்தில் வெளியே வருகிறது. ஆகவே ஜபல் ரம்மின் கிழக்கு அடியில் சுனைகள் ஒரே மட்டத்தில் வரிசையாக இருக்கின்றன. தூரத்திலிருந்தே பச்சைப் பொட்டுகளைக் கோடாக இணைத்துப் பார்க்கலாம். பாறையின் வண்ணம் பிரித்துத் தெரியாத மங்கிய வெளிச்சத்தில்கூட கிரானைட்டின் எல்லையை இந்தச் செடிகள் காட்டிக்கொடுக்கும்.

ஐன் ஷல்லாலாவில் பாறை இடுக்கில் பெரணி, புதினா, அத்தி. பக்கத்தில் கல்லில் வெட்டிய வாய்க்கால்: நபத்தியர்கள் இந்த நீரைக் கீழே கொண்டுபோன வழி. இரண்டாயிரம் ஆண்டு ஆகியும் ஓட்டம் சீராக இறங்கும்படி வெட்டியிருப்பதைக் கவனியுங்கள். சுற்றியுள்ள எழுத்துக்களை விட எனக்கு இதுதான் பெரிய கல்வெட்டு. நீர் கொட்டாது, சொட்டும். ஒட்டகமும் ஆடும் குடிக்கும் இடம். வடிகட்டாமல் குடிக்க வேண்டாம், சோப்பு கொண்டுபோகவே வேண்டாம்.

நாள் 3: கஸ்அலி, உப்பு, பொருக்கு

இன்று பிக்கப் வண்டி. சொந்தமாக நான்கு சக்கர இயக்க வண்டி ஓட்டுபவர்கள் டயர் காற்றைச் சாலையில் வைக்கும் 32–35 பிஎஸ்ஐயிலிருந்து 15–18க்கு இறக்குங்கள். 12க்குக் கீழே போனால் வேகத் திருப்பத்தில் டயர் விளிம்பை விட்டுக் கழன்றுவிடும். சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை அழுத்துவது குழி தோண்டுவதற்குச் சமம். சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலைக் கையால் ஒதுக்கிவிட்டு, வந்த தடத்திலேயே பின்னோக்கி எடுக்க வேண்டும். காலையில் குளிர்ந்த மணல் கெட்டியாக இருக்கும். நடுப்பகலில் அதே இடம் வண்டியை விழுங்கும். திரும்பும்போது மீண்டும் காற்றடிக்கக் கம்ப்ரசர் மறக்காதீர்கள்.

ஜபல் கஸ்அலியின் பிளவு ஒரு மனிதர் கை விரித்தால் இரு சுவரையும் தொடும் அளவுக்கு ஒடுங்குகிறது. செங்கடலும் சாக்கடல் பிளவும் திறந்தபோது, இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முன் வாக்கில் தொடங்கி, இந்த நிலம் தூக்கப்பட்டு வெடித்தது. ரம்மின் பள்ளத்தாக்குகள், ஒடுங்கிய பிளவுகள் எல்லாம் அந்த வெடிப்புகளை நீர் அகலப்படுத்தியவை. மேலிருந்து பார்த்தால் யாரோ அடிக்கோல் வைத்துக் கிழித்த மாதிரி நேர்நேராக இருப்பது அதனால்.

சுவரில் பாதம், மனித உருவம், தமூதிக் என்ற பழைய அரேபிய எழுத்து. ரம் முழுவதுமாக 25,000 பாறை ஓவியச் செதுக்கல்களும் 20,000 எழுத்துப் பொறிப்புகளும் கணக்கில் உள்ளன. இவை தெரிவதே வேதியியலால். வெயிலில் கிடக்கும் பாறைமேல் இரும்பும் மாங்கனீசும் களிமண் துகளும் சேர்ந்து கருமெருகு ஏறுகிறது. அதைக் கொத்தி எடுத்தால் உள்ளே வெளிர்நிறம். காலம் போகப் போக அந்த வெளிறலும் மீண்டும் கறுக்கும். ஒரே பாறையில் பளிச்சென்ற ஒட்டகம் புதிது, மங்கிய ஐபெக்ஸ் காட்டாடு பழையது. கை எண்ணெய் மெருகைக் கெடுக்கும். தொடாதீர்கள்.

சுவரின் அடிப்பகுதியில் தேன்கூடு மாதிரி குழிகளைப் பார்ப்பீர்கள். காற்று குடைந்தது என்பார்கள். காற்றுதான் காரணமென்றால் காற்று படாத நிழல் மூலையில் குழி அதிகமாக இருப்பானேன்? பாறைக்குள் இருக்கும் ஈரம் உப்பைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. நீர் ஆவியாக, உப்பு படிகமாக வளர்ந்து மணிகளை ஒன்றையொன்று தள்ளிப் பிரிக்கிறது. ஈரம் நெடுநேரம் தங்கும் நிழலிலும் அடிவாரத்திலும்தான் இது மும்முரம். காற்று செய்வது பெருக்கிவிடும் வேலை மட்டும். அடி இப்படிக் குடையப்பட, மேலே தாங்கல் இழந்த பலகை ஒன்று செங்குத்து வெடிப்பை ஒட்டிப் பிரிந்து விழும். விழுந்த பின்னும் புதுமுகம் செங்குத்தாகவே இருக்கும். இந்த மலைகள் தேய்ந்து சரிவாக மாறாமல் சுவராகவே பின்வாங்குவது இப்படித்தான். பாறைப் பாலங்களும் இதே வேலையின் மிச்சம்: இரண்டு இணை வெடிப்புக்கு நடுவே மெல்லிய சுவர் நிற்கும், அதன் அடி உதிர்ந்துபோய் மேல்பகுதி வளைவாகத் தங்கும். புர்தா பாலம் அப்படித்தான் தரைக்கு மேலே உயரத்தில் நிற்கிறது.

ஏறுகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் உண்டு. வெளிவந்த தாதுக்கள் மேற்பரப்பில் இறுகி விரல் கன அளவில் பொருக்கு கட்டுகின்றன. உள்ளே பாறை மென்மை. பிடியை விரல்முட்டியால் தட்டிப் பாருங்கள். 'டங்' என்றால் சரி. பானை மாதிரி 'பொக்' என்றால் பொருக்கு கழன்றிருக்கிறது. மழை பெய்தால் நிலைமை இன்னும் மோசம். மணியை மணியோடு ஒட்டும் களிமண் நனைந்ததும் இளகும், நேற்று தாங்கிய பிடி இன்று கையோடு வரும். மேற்புறம் ஒரு மணி நேரத்தில் உலர்ந்துவிடும் என்பதால்தான் ஆபத்தே. இரண்டு நாள் வெயில் அடிக்கும்வரை ஏறக் கூடாது.

பிளவுகளில் வெள்ளம் வேறு கதை. ஆண்டு மழை 100 மில்லிமீட்டருக்கும் குறைவு, ஆனால் வெறும் பாறையில் விழுவது அப்படியே ஓடும். மேலே வானம் நீலமாக இருக்கும்போதே பின்பக்க மலையில் பெய்தது வந்து சேரும். உள்ளே நுழையும்முன் தலைக்கு மேல் இடுக்குகளில் சுள்ளி, காய்ந்த வேர் சிக்கியிருக்கிறதா பாருங்கள். நீர் எந்த உயரம் வரும் என்பதை அது சொல்லிவிடும்.

நாள் 4: உம் அத் தாமி

ஜபல் ரம்மின் உச்சிக்கு நடைவழி கிடையாது. ஐபெக்ஸ் வேட்டைக்குப் போன பாலைவன நாடோடிகளான பெதூயின்கள் கண்டுபிடித்த வழிகள் உண்டு. எட்டாத இடத்தில் கல்லை அடுக்கி, ஜூனிப்பர் கிளையைச் செருகி ஏறியிருக்கிறார்கள். 1952இல் மலையேறிகள் சார்மியன் லாங்ஸ்டாஃப், சில்வியா பிரான்ஃபோர்டு இருவரையும் உள்ளூர் வழிகாட்டி ஷேக் ஹம்தான் கூட்டிப்போனது அந்த வழிகளில் ஒன்றில். இன்றும் கயிறும் வழிகாட்டியும் வேண்டும். சுவர் ஏறுவதை விட உச்சிதான் ஆட்களைக் குழப்புகிறது: வெள்ளைக் குண்டான்கள் ஒன்றைப் போல் ஒன்று, நடுவே இறங்க முடியாத பிளவுகள். ஏறிய வழி தெரியாமல் இருட்டிப்போய் மேலேயே இரவைக் கழித்தவர்கள் உண்டு.

பழக்கமில்லாதவர்களுக்கு உம் அத் தாமிதான் சரி. 1,854 மீட்டர், ஜோர்டானின் மிக உயரமான இடம், சவூதி எல்லையை ஒட்டியது. கிராமத்திலிருந்து பிக்கப்பில் மணல்தடத்தில் ஒன்றரை மணி நேரம். வண்டி நிற்கும் இடத்திலிருந்து ஏற வேண்டியது 400 மீட்டர் சொச்சம். ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை. தலைக்கு நான்கு லிட்டர் தண்ணீர்; வழியில் சொட்டுக்கூடக் கிடைக்காது. எல்லைப் பகுதி, பாஸ்போர்ட் கையோடு இருக்கட்டும்.

உருண்டைக்கல் நிறைந்த ஓடையில் தொடக்கம், பிறகு படிப்படியான பலகைகள். வழி காட்டுவது கற்குவியல்கள். இறக்கத்தில்தான் தவறு நடக்கிறது. ஏறும்போது குவியல் வானத்துக்கு எதிரே எடுப்பாகத் தெரியும். இறங்கும்போது அதே குவியல் அதே நிறக் கற்சரிவில் கரைந்துவிடும். ஏறுகையில் ஒவ்வொரு திருப்பத்திலும் ஒருமுறை திரும்பிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த குவியல் தெரியாவிட்டால் முந்தையதற்கே போங்கள், குறுக்கே வெட்டாதீர்கள். பலகைமேல் தூவிக் கிடக்கும் உதிர்மணல் கோலிக்குண்டு மாதிரி காலை வழுக்கும்.

அக்டோபர் முதல் ஏப்ரல் வரை உகந்த காலம். டிசம்பர், ஜனவரியில் உச்சிக் காற்று கையை மரக்கச் செய்யும், கையுறை வேண்டும். கோடையில் விடியும்முன் ஏறத் தொடங்காவிட்டால் விட்டுவிடுங்கள்.

உச்சியிலிருந்து வடக்கே பார்த்தால் நான்கு நாளாகக் கீழிருந்து பார்த்தவை எல்லாம் ஒரே சட்டகத்தில்: வெள்ளைத் தலை மலைகள், நடுவே சிவப்பு மணல். வானம் தெளிந்த நாளில் தென்மேற்கே அகபா வளைகுடாவின் வெள்ளிக் கீற்று. அதைவிட முக்கியமாக, தொலைவில் வெள்ளைத் தலைகளின் மட்டம் எந்தப் பக்கம் தாழ்கிறது என்று பாருங்கள். அடுக்குகள் வடகிழக்காகச் சில பாகையே சாய்ந்திருக்கின்றன. நாளைய பயணம் அந்தச் சாய்வோடு.

நாள் 5: தீசி

கிராமத்திலிருந்து வடக்கே போய்க் கிழக்கே திரும்பினால் தீசி. ஜபல் ரம்மில் அண்ணாந்து பார்த்த வெள்ளைப் பாறை இங்கே தரையோடு நிற்கிறது. கையால் தொடலாம், ஏறி உட்காரலாம். சற்றுத் தள்ளி, பழுப்பான உம் சஹ்ம் மணற்பாறை அதன்மேல் தொப்பி வைக்கிறது. இன்னும் கிழக்கே இரண்டும் நிலத்துக்குள் போய்விடுகின்றன.

பாட்டிலைத் திறந்து ஒரு சொட்டு நீரைச் சுத்தமான வெள்ளைப் பாறையில் விடுங்கள். சில நொடியில் உள்ளே போய்விடும், ஈரத்தடம் மட்டும் பரவும். நாள் 2இல் பார்த்த கிரானைட்டில் அதே சொட்டு உருண்டு ஓடும். அந்தச் சொட்டுக்கு இடம் கொடுக்கும் இடைவெளிதான் நிலத்துக்கடியில் நூற்றுக்கணக்கான மீட்டர் கனத்துக்கு, எல்லை தாண்டிச் சவூதியிலும், நீர்த்தாங்கியாக இருக்கிறது. அங்கே அதன் பெயர் சாக். பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், இந்த நிலம் ஈரமாக இருந்த காலத்தில் இறங்கிய நீர் அது. இன்றைய மழை அதை நிரப்புவதில்லை.

தீசியைச் சுற்றி வட்ட வட்டமான பசும் வயல்கள் இந்த நீரில் விளைபவை. 2013இல் தொடங்கிய குழாய்த்திட்டம் ஆண்டுக்கு 10 கோடி கன மீட்டரை 325 கிலோமீட்டர் தூரத்துக்கு, அம்மான் நகருக்கு ஏற்றி அனுப்புகிறது. நீங்கள் வந்த நெடுஞ்சாலையின் திசையில்தான் அதுவும் போகிறது.

இதில் ஒரு சிக்கல் 2009இல் வெளியான ஆய்வில் வந்தது: நீரில் இயற்கையாகவே ரேடியம் குடிநீர் வரம்பை மீறி இருந்தது. பாறையில் இருக்கும் யுரேனியம், தோரியம் சிதைந்து ரேடியம் உண்டாவது எல்லா இடத்திலும் நடப்பதுதான். களிமண் நிறைந்த பாறையென்றால் களிமண் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆறு அலசி அலசிக் குவார்ட்ஸ் மட்டும் மிஞ்சவிட்ட இந்த வெள்ளைப் பாறையில் பிடித்துவைக்க ஆள் இல்லை. அம்மானில் வேறு நீரோடு கலந்து அளவைக் குறைத்துத்தான் குழாயில் விடுகிறார்கள்.